வீடு யார் பேரில் இருக்கிறது?

(காயல்பட்டினத்தில் நடந்த கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)

 

மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, முன்வரிசைக் காக்காமார்களே, திரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் உம்மாமார்களே, லாத்தாமார்களே, கல்லூரியிலிருந்து வந்திருக்கும் தங்கைகளே! ஒலிபெருக்கி அந்தப் பக்கம் நன்றாகக் கேட்கிறதா? சரி, கேட்கிறது என்கிறார்கள். கேட்கத்தான் வேண்டும். இன்றைக்கு நான் பேசப் போவதில் பாதிக்கு மேல் அந்தப் பக்கத்துக்குத்தான்.

‘நினைவு இல்லங்களும் மரபுத் திருவிழாக்களும்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அழகான தலைப்பு. இப்படிப்பட்ட தலைப்பில் பேச வருகிறவர்கள், பழமையைப் போற்றுவோம் என்று ஆரம்பிப்பார்கள். பழமையைப் போற்றுவோம் என்றே முடிப்பார்கள். நடுவில் தேநீர் வந்துவிடும். எனக்கு அந்தப் பேச்சு வராது. நான் போய்ப் பார்த்த சில வீடுகளுக்கு உங்களையும் அழைத்துப் போகிறேன். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்கப் போகிறேன். இந்த வீடு யார் பேரில் இருக்கிறது?

முதலில் நம் ஊரிலிருந்தே தொடங்குவோம்.

காயலின் பெருமையைச் சொல் என்றால் நம் பிள்ளைகள் மூச்சுவிடாமல் சொல்வார்கள். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ இந்தக் கரைக்கு வந்தார். ஹோர்முஸிலிருந்தும் கிஷ் தீவிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரை ஏற்றிவந்த கப்பல்களெல்லாம் காயல் துறையில் நின்றன என்று எழுதினார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், இந்தக் கரைக்கும் மற்றத் துறைகளுக்குமாக ஆண்டுக்கு 10,000 குதிரைகள் வந்தன, ஒரு குதிரை 220 தினார் என்று கணக்கே எழுதி வைத்துவிட்டார். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலம் அது. அந்த அரசவையில் தகியுத்தீன் என்ற அரபு வணிகர் அமைச்சராக இருந்தார். பிறகு கால்டுவெல் வந்தார். 1881-இல் வெளியான தம் திருநெல்வேலி வரலாற்றில், மார்க்கோ போலோ சொன்ன காயல் இந்த ஊர் அல்ல, தாமிரபரணி முகத்துவாரத்தை ஒட்டிய பழையகாயல் என்று வாதாடினார். அந்தக் காயலா, இந்தக் காயலா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. தீராமலே இருக்கட்டும், ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கும் வேலை வேண்டாமா?

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மார்க்கோ போலோ எதைப் பார்த்தார்? கப்பலைப் பார்த்தார். வஸ்ஸாஃப் எதை எண்ணினார்? குதிரையை எண்ணினார். கால்டுவெல் எதைக் கண்டார்? மணலில் சிதறிக் கிடந்த சீனப் பீங்கான் ஓடுகளைக் கண்டார். அந்தப் பீங்கானில் சோறு பரிமாறியது யார்? காற்று மாறும் வரை கப்பல் திரும்பாது என்று தெரிந்து, அத்தனை மாதம் அடுப்பு அணையாமல், பிள்ளைகள் ஓதுவது நிற்காமல், கொடுக்கல் வாங்கல் முறியாமல் இந்த ஊரை நடத்தியது யார்? எந்த யாத்ரீகரும் அதை எழுதவில்லை. எழுதியிருக்கவும் முடியாது. அவர்களை நாம் வீட்டுக்குள் விட்டால்தானே!

அப்படியானால் அந்த வரலாறு எங்கே இருக்கிறது? வீட்டுக்குள்ளேதான் இருக்கிறது.

வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காக இரண்டு வார்த்தை. இங்கே வாப்பா என்றால் அப்பா, உம்மா என்றால் அம்மா, காக்கா என்றால் அண்ணன், லாத்தா என்றால் அக்கா. இந்த ஊரில் கல்யாணம் முடிந்தால் பெண் பெட்டி கட்டிக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். வீடு மகளுக்கு. அடுத்த மகளுக்கு இன்னொரு வீடு. கொழும்பில் கல் வியாபாரம் செய்த வாப்பாமார்கள், ஹாங்காங்கிலும் பாங்காக்கிலும் ஜித்தாவிலும் ஓடியோடிச் சம்பாதித்த காக்காமார்கள், அந்தப் பணத்தையெல்லாம் என்ன செய்தார்கள்? மகளுக்கும் தங்கைக்கும் வீடு கட்டினார்கள். கடல் கடந்த சம்பாத்தியம் கடைசியில் ஒரு பெண்ணின் தலைவாசலில் வந்து நின்றது.

அந்த வீட்டின் அமைப்பைப் பாருங்கள். தெருவைப் பார்த்து ஒரு வாசல். அது ஆண்களுக்கும் விருந்தாளிகளுக்கும். பின்னால் முடுக்கைப் பார்த்து ஒரு வாசல். அது பெண்களுக்கு. முடுக்கு எவ்வளவு அகலம்? எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நின்றுதான் மற்றவருக்கு வழிவிட வேண்டும். அந்த முடுக்கு வழியாகவே உம்மா வீட்டுக்குப் போகலாம், சாச்சி வீட்டுக்குப் போகலாம், பெண்கள் ஓதும், தொழும் இடமான தைக்காவுக்குப் போகலாம். பெருந்தெருவில் கால் வைக்க வேண்டியதில்லை. பழைய முடுக்குகளில் தோள் உயரத்தில் சுவரைத் தடவிப் பாருங்கள். மற்ற இடத்தில் சுண்ணாம்பு சொரசொரப்பாக இருக்கும். அந்த ஒரு பட்டையில் மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கும். எத்தனையோ தலைமுறைப் பெண்களின் முக்காடும் தோளும் உரசித் தேய்ந்த சுவர். எந்த அருங்காட்சியகத்தில் இப்படி ஒரு கல்வெட்டு இருக்கிறது?

சரி, இனி பயணம் போவோம்.

முதல் வீடு நம் மாவட்டத்திலேயே, எட்டயபுரத்தில். பாரதியார் 1882 டிசம்பர் 11 அன்று பிறந்த வீடு. அவருடைய தாய்வழியார் வீடு அது. 1973-இல் அரசு அதை நினைவு இல்லமாக்கியது. உள்ளே போனால் அவர் பிறந்த இடத்தில் மார்பளவுச் சிலை வைத்திருக்கிறார்கள். படங்கள், கடிதங்கள், குடும்ப மரம். பார்த்துவிட்டு, அதே ஊரில் அடங்கியிருக்கும் உமறுப்புலவரையும் ஸியாரத் செய்துவிட்டு வரலாம். ஒரே ஊர் மண்ணில் சீறாப்புராணம் பாடியவரும் பாஞ்சாலி சபதம் பாடியவரும்! அது தனிச் சொற்பொழிவு; இன்றைக்கு வேண்டாம்.

டிசம்பர் 11-ஆம் தேதி அந்த ஊருக்குப் போய்ப் பாருங்கள். ஊரே திருவிழாக் கோலம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் முண்டாசு கட்டி, கறுப்புக் கோட்டுப் போட்டு, மீசை வரைந்துகொண்டு வருவார்கள். பெண்பிள்ளைகளும் மீசை வரைந்துகொண்டு வருவார்கள். எனக்குப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. ஆனால் அந்தப் பிறந்த இடத்தில் நின்றபோது மனத்துக்குள் ஒரு கேள்வி. இங்கே பிறந்தவர் பாரதி. இங்கே பெற்றவர் யார்? லட்சுமி அம்மாள். மகனுக்கு ஐந்து வயதாகும்போது இறந்துபோன தாய். அவர் வலி பொறுத்த இடமல்லவா அது? இத்தனை முண்டாசுகளுக்கு நடுவே லட்சுமி அம்மாளாக ஒரு பிள்ளைகூட வேடம் போட்டு நான் பார்க்கவில்லை.

இன்னொன்றும் நடந்தது. 2025 மார்ச்சில் அந்த வீட்டின் மாடிக் கூரை இடிந்து விழுந்தது. மகாகவி பிறந்த வீட்டுக்கே, அரசின் கையில் இருக்கும் வீட்டுக்கே அந்தக் கதி என்றால், யார் பெயரும் எழுதாத நம் வீடுகளுக்கு என்ன கதி? பழைய வீடு பலகை மாட்டியதால் மட்டும் நிற்காது. மழைக்கு முன்னால் ஏறிப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டுதான் பலகையை மாட்ட வேண்டும்.

இரண்டாவது வீடு இராமேசுவரம், பள்ளிவாசல் தெரு. அப்துல் கலாம் வளர்ந்த வீடு. நம்மைப் போன்ற மரக்காயர் குடும்பம். வாப்பா ஜைனுலாப்தீன் படகு வைத்திருந்தவர், உம்மா ஆஷியம்மா. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் சுண்ணாம்பும் செங்கலும் கொண்டு கட்டிய வீடு என்று கலாமே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். இப்போது மாடியில் காட்சிக்கூடம். விருதுகள், பட்டங்கள், படங்கள். இந்தி பேசுகிறவர், வங்காளம் பேசுகிறவர், தெலுங்கு பேசுகிறவர் என்று வரிசை நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஒரு முஸ்லிம் வீட்டுப் படியில் செருப்பைக் கழற்றிவிட்டு இந்தியாவே ஏறி இறங்குகிறது. அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைச் சொல்வதில் வெட்கமில்லை.

ஆனாலும் என் கண் சமையலறையைத்தான் தேடியது. ஏன் தெரியுமா? தம் உம்மாவைப் பற்றிக் கலாம் எழுதியதில் எனக்கு மறக்காத இடம் ஒன்று உண்டு. அந்த வீட்டு ஆட்கள் எல்லாரையும் சேர்த்து எண்ணினாலும், அவர் தினந்தோறும் சோறு போட்ட வெளியாட்கள் அதைவிட அதிகம் என்கிறார். சமையலறைத் தரையில் உம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாழையிலையில் சாப்பிட்டதைச் சொல்கிறார். ராக்கெட் விட்டவருக்கு நினைவில் நின்றது அந்தத் தரை! அந்தத் தரையை, அந்த அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தேன் என்று சொல்ல எனக்கு ஆசை. பார்க்கக் கிடைத்தது பட்டமளிப்புப் படங்கள்.

நான் குறை சொல்வதாக நினைக்காதீர்கள். பெரியவர்களின் வீடுகளை நாம் நினைவு இல்லமாக்கும்போது, அந்தப் பெரியவர் வெளியே போய் வாங்கி வந்ததையெல்லாம் கொண்டுவந்து வைக்கிறோம். வீட்டுக்குள்ளேயே இருந்ததை ஒதுக்கி வைத்துவிடுகிறோம். தமிழ்நாடு முழுவதும் இதுதான் நிலைமை.

இதற்கு மாறாக ஒரு வீடு இல்லையா? இருக்கிறது. அதற்கு மலையாளக் கரைக்குப் போக வேண்டும். கண்ணூர். அங்கே அறைக்கல் கெட்டு.

கேரளத்தின் ஒரே முஸ்லிம் அரச குடும்பம் அறைக்கல். 1772-இல் டச்சுக்காரர்களிடமிருந்து கண்ணூர்க் கோட்டையை விலை கொடுத்து வாங்கியவர்கள். லட்சத்தீவுகளில் ஆட்சி செலுத்தியவர்கள். இதெல்லாம் எந்த அரச குடும்பத்துக்கும் இருக்கக்கூடிய பெருமை. எனக்குப் பிடித்தது வேறு. அந்தக் குடும்பத்தில் யார் மூத்தவரோ அவரே தலைவர். ஆணா பெண்ணா என்ற பேச்சில்லை. ஆணாக இருந்தால் ஆலி ராஜா, பெண்ணாக இருந்தால் அறைக்கல் பீவி. ஜுனூமாபி என்ற பீவி 1777 முதல் 1819 வரை, நாற்பது ஆண்டுக்கு மேல் ஆண்டார். ஆங்கிலேயக் கம்பெனியை எதிர்த்தும் நின்றார், 1796-இல் ஒப்பந்தமும் செய்துகொண்டார். இங்கிலாந்தில் மணமான பெண் சட்டப்படி தன் பேரில் சொத்து வைத்துக்கொள்ள முடியாத காலத்தில், இங்கே முக்காடு போட்ட ஒரு பீவி கம்பெனியோடு கணக்குப் பேசிக்கொண்டிருந்தார்.

அந்த மாளிகையின் தர்பார் பகுதியை 2005-இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். மேலே நீளமான கூடம். மரத் தளம், நடந்தால் கிறீச்சிடும். ஜன்னல்களில் சிவப்பும் நீலமுமாகக் கண்ணாடி. கடலோர வெயில் அதில் வடிந்து தரையில் நிறமாக விழும். வாள்கள் இருக்கின்றன, பழைய குர்ஆன் பிரதிகள் இருக்கின்றன, பத்தாயம் இருக்கிறது. நான் போன நேரம் வாள்களுக்கு முன்னால் ஆண்கள் கூட்டம். பத்தாயத்துக்கு முன்னால் பெண்கள். வயதான ஒரு உம்மா அந்த மூடியைத் தட்டிப் பார்த்து, பக்கத்தில் இருந்த மருமகளிடமோ மகளிடமோ மலையாளத்தில் ஏதோ கணக்குச் சொன்னார். இதில் எத்தனை மூட்டை நெல் பிடிக்கும் என்ற கணக்காகத்தான் இருக்க வேண்டும். அவர் முகத்தில் ஒரு மிடுக்கு. வாளைப் பார்த்த ஆண்கள் யார் முகத்திலும் அதை நான் காணவில்லை.

இப்போது என் கேள்வி. அந்த வீடு யார் பேரில் இருக்கிறது? இதைக் காக்காமார்கள் கவனமாகக் கேளுங்கள். பழுதுபார்க்கக் கேரள அரசு பணம் போட்டது. ஆனால் வீடு அறைக்கல் குடும்பத்தின் அறக்கட்டளைக்குத்தான் சொந்தம். நடத்துகிறவர்களும் அவர்களே. சிறு நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். அரசுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளவும் இல்லை. பணமில்லை என்று இடிய விடவும் இல்லை. பத்திரம் வீட்டாரிடம், பழுதுபார்ப்பு அரசிடம். இதுதான் நமக்கு வேண்டிய வழி என்று நான் நினைக்கிறேன்.

கடல் தாண்டிக் காத்தான்குடிக்கும் ஒரு எட்டுப் போய் வரலாம். கிழக்கிலங்கையில் நம்மைப் போலவே மகளுக்கு வீடு கொடுக்கிற ஊர். அங்கே பூர்வீக நூதனசாலை வைத்திருக்கிறார்கள். பழைய வீட்டு வாழ்க்கையை மனித உருவ மாதிரிகள் செய்து காட்டியிருக்கிறார்கள். உருவங்கள் வைத்தது சரியா என்று அங்கே ஆலிம்களிடையே பேச்சு எழுந்தது. நமக்கு அந்தச் சிக்கலே வேண்டாம். பொம்மை எதற்கு? நம் உம்மாமார்கள்தான் உயிரோடு இருக்கிறார்களே!

இனி திருவிழா.

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் நகரம் 2008 ஜூலை 7 அன்று யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் ஏறியது. கடையநல்லூர், தென்காசி, நாகூர் மக்கள் போய் வேரூன்றிய நகரம் அது. 1801-இல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் நம் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பியது. ஆண்டுதோறும் அந்த ஜூலை 7-ஐ ஒட்டி அங்கே மரபுத் திருவிழா நடக்கிறது. எனக்கு அதில் பிடித்தது என்னவென்றால், அதைத் தெருவிலேயே நடத்துகிறார்கள். சீனக் குலச் சங்கத்தார் தங்கள் கட்டடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தப் பக்கம் மலாய்க்காரர், அந்தப் பக்கம் தமிழர். மசாலா அரைக்கிறவர் அரைத்துக் காட்டுகிறார்; தொப்பி தைக்கிறவர் தைத்துக் காட்டுகிறார். பிள்ளைகள் போய்த் தாமும் கை வைத்துப் பார்க்கிறார்கள். தலைமையுரை இல்லை, முன்னிலை இல்லை, பொன்னாடை இல்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், சொற்பொழிவும் இல்லை!

காயலில் இதை நடத்த முடியுமா? முடியுமா என்று கேட்கிறவர்கள் இந்த ஊரைப் பார்க்காதவர்கள். ரஜப் மாதம் முப்பது நாள் புகாரி ஷரீஃப் மஜ்லிஸ் நடத்தி, கடைசியில் ஊர் முழுக்க நேர்ச்சைச் சோறு கொடுக்கிற ஊர் இது. கால்பந்துப் போட்டி என்றால் மைதானம் கொள்ளாத கூட்டத்தை முறையாக உட்கார வைக்கிற ஊர் இது. கல்யாண வீட்டில் ஆயிரம் பேருக்குக் களறிச் சாப்பாடு ஆக்குகிற ஊர் இது. ஆள் பலம் இருக்கிறது. பண பலமும் இருக்கிறது. வீடும் இருக்கிறதா? அங்கேதான் நெஞ்சு அடைக்கிறது.

நம் வீடுகள் எப்படிப் போகின்றன என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு மகள், ஒரு வீடு. முற்றத்தின் நடுவே சுவர் எழும்புகிறது. வெளிச்சம் போகிறது, காற்று போகிறது. கொஞ்ச நாளில் இரண்டு பாதியும் இடிகிறது. கதவும் தூணும் காரைக்குடிப் பழைய சாமான் கடைக்குப் போய், அங்கிருந்து ஏதோ ஒரு கடற்கரை ஓட்டலின் வரவேற்பறைக்குப் போகின்றன. நாலு பேர் தள்ளித் திறந்த நம் தேக்குக் கதவு, காப்பி குடிக்கிறவர்கள் படம் எடுத்துக்கொள்ளும் சுவராகி நிற்கிறது. விற்றது யார்? வேறு யாருமில்லை, நாம்தான்.

இடிக்காமல் காப்பாற்றுகிறவர்களும் சில சமயம் அன்பினாலேயே கெடுத்துவிடுகிறார்கள். கடலோரக் காற்றில் உப்பு உண்டு. நம் முன்னோர் கட்டியது சிப்பியும் கல்லும் சுட்டெடுத்த சுண்ணாம்புச் சுவர். அந்தச் சுவர் மழைக்கு ஈரம் குடிக்கும், வெயிலுக்கு விட்டுவிடும். கொத்தனார் வந்து, “லாத்தா, சுவர் உதிருது, சிமெண்டு பூசிட்டா நூறு வருஷம் நிக்கும்” என்பார். பூசுவோம். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லை. உப்பு உள்ளுக்குள்ளேயே பூத்துக் கல்லைத் தின்னும். ஐந்தாறு மழைக்குள் சிமெண்டு பாளம் பாளமாகப் பெயர்ந்து, சுவரையும் பிய்த்துக்கொண்டு விழும். பழைய வீட்டுக்குச் சுண்ணாம்புதான் பூச வேண்டும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் திருநெல்வேலிச் சீமையில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வயதாகிறது, இளைய கைக்கு வேலை போக வேண்டும்.

வீட்டைப் போலவே ஏடுகளும். இந்த ஊரில் 1632-இல் பிறந்த ஸதக்கத்துல்லாஹ் அப்பா, 1816-இல் பிறந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்று நீளும் அறிஞர் மரபு நம்முடையது. அவர்கள் காலத்து அரபுத்தமிழ், பெண்களின் கையில்தான் நெடுங்காலம் உயிரோடு இருந்தது. அரபு எழுத்தில் தமிழ். நமக்கென்று ட, ப, ஞ, ள எல்லாவற்றுக்கும் புள்ளி வைத்து உண்டாக்கிய எழுத்து. தமிழ் எழுத்துத் தெரியாது என்று வங்கியில் கைநாட்டு வைத்த மூதாட்டிகள் எத்தனை பேர், வீட்டுக்கு வந்து மாலையும் கிஸ்ஸாவும் முனாஜாத்தும் வைத்தியக் குறிப்பும் அரபுத்தமிழில் வாசித்தார்கள்! கைநாட்டு என்று எழுதிக்கொண்ட குமாஸ்தாவுக்கு அந்த எழுத்துத் தெரியாது. யார் படிக்காதவர்?

அந்தக் கிதாபுகள் இன்னும் மச்சில் கிடக்கின்றன. கையோடு ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: தயவுசெய்து லேமினேஷன் செய்யாதீர்கள். சூட்டில் தாள் வெந்துவிடும். பிறகு பிரிக்கவே முடியாது. பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் படாத அலமாரியில் வையுங்கள். பாதுகாக்க ஆள் வரும்வரை அது போதும்.

சரி, வீடு கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே எதை வைப்பது? மார்க்கோ போலோ படத்தை வாசலில் மாட்டாதீர்கள்! சஹனை வையுங்கள், மூன்று பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் உண்ட கதையைச் சொல்லுங்கள். மணவறைக் கட்டிலை வையுங்கள். பத்தமடையில் நம் சகோதரிகள் கோரையில் நெய்து, மணமக்கள் பேரும் போட்டுக் கொடுத்த பாயை வையுங்கள். கொழும்பிலிருந்து வந்த கடிதத்தை வையுங்கள். அதைவிட முக்கியம், கொழும்புக்குப் போன கடிதம். அது கிடைப்பது கடினம். உம்மாமார்கள் எழுதியதை வாப்பாமார்கள் பத்திரப்படுத்தியிருந்தால்தானே!

அடுப்படியில் தம்மடை சுட்டுக் காட்டுங்கள். ரவை, முட்டை, சீனி, தேங்காய்ப்பால், நெய். சட்டியைக் கனல் மேல் வைத்து, மூடியைப் போட்டு, மூடி மேலும் கங்கு அள்ளிப் போடுவோம். எப்போது வெந்தது? கடிகாரம் பார்த்து யாரும் சொன்னதில்லை. மூடியைத் திறக்காமல் மணத்தை வைத்தே உம்மாமார்கள், “இப்ப எடு” என்பார்கள். அந்த மூக்குக்கு என்ன பட்டம் கொடுப்பது? அந்த ‘இப்ப எடு’வைப் பிள்ளைகள் நேரில் கேட்க வேண்டும். அதற்குத்தான் திருவிழா.

இன்னொன்று. காயல் மரபு என்றால் மரக்காயர் மரபு மட்டுமா? மீனவர் வாழும் கொம்புத்துறையும் சிங்கித்துறையும் இதே நகராட்சியில்தானே இருக்கின்றன? முத்து விற்றவர் கதை நமக்குத் தெரியும். முத்து எடுத்தவர் கதை? பரதவரும் முஸ்லிம்களும் கடலடி முத்துப் பாரில் குளித்தார்கள். காலில் கல்லைக் கட்டிய கயிறு, இடுப்பில் ஒரு கயிறு, கழுத்தில் சிப்பிக் கூடை, மூச்சடக்கி இறங்குவார்கள். மேலே கயிறு பிடிக்கிறவன் அசந்தால் கீழே இருப்பவன் இல்லை. அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று கடற்கரையில் சொல்வது வழக்கம். தன் தங்கையின் தாலி அது என்று அவனுக்குத் தெரியும். நம் பக்கத்து முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுவிட்டது. அந்தக் காலத்துக் கயிற்றைப் பிடித்த கைகள் இன்றைக்கு இருந்தாலும் மிகச் சிலவே. முதல் திருவிழாவின் முதல் நாற்காலி அவர்களுக்குப் போட வேண்டும். அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும்.

இப்போது காக்காமார்கள் மனதில் ஓடுவது எனக்குத் தெரிகிறது. ‘எல்லாம் சரி. நம் வீட்டுக்குள் அந்நிய ஆண்கள் வரலாமா? பெண்கள் பக்கத்தை ஊருக்குத் திறந்து வைப்பதா?’ நியாயமான கேள்வி. மழுப்ப மாட்டேன். முன்கூடம் எல்லாருக்கும் திறக்கட்டும். முடுக்கு வாசலும் அடுப்படியும் மணவறையும் வாரத்தில் சில நாள் பெண்களுக்கு மட்டும் திறக்கட்டும். காட்டுகிறவர்களும் நம் பெண்களாகவே இருக்கட்டும். மற்ற நாள்களில் ஆண்கள் வந்தால் முன்கூடத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று தங்கள் வீட்டுப் பெண்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். அதில் என்ன குறைந்துவிடும்? நூறு நூறு ஆண்டாக உலகத்தைப் பற்றிப் பெண்களாகிய நாங்கள் உங்களிடம் கேட்டுத்தானே தெரிந்துகொண்டோம்!

பத்திர விஷயம் ஒன்று பாக்கி. வீட்டை ஊர் அறக்கட்டளைக்கு எழுதி வாங்கிவிடலாம் என்று ஒரு யோசனை ஓடுகிறது. அறைக்கல்லில் இருப்பது வீட்டாரின் சொந்த அறக்கட்டளை; இது அப்படியல்ல. நான் அதை ஒப்பமாட்டேன். வீடு எந்த மகளின் பேரில் இருக்கிறதோ அந்த மகளின் பேரிலேயே இருக்கட்டும். நீண்ட குத்தகைக்கு வாங்குங்கள், வாடகை கொடுங்கள், வெளிநாட்டில் இருக்கும் நம் காயல் நல மன்றங்கள் பழுதுபார்ப்புக்குப் பணம் தரட்டும். நிர்வாகக் குழுவில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். பெண்ணுக்கு வீடு கொடுத்த ஊரின் நினைவு இல்லத்தை ஒரு பெண்ணிடமிருந்து எழுதி வாங்கித்தான் தொடங்க வேண்டுமா?

வெளியே போகும் வழியில் இரண்டு பேரேடு வைத்திருக்கிறார்கள். ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். உங்கள் வீட்டில் என்ன பழைய பொருள் இருக்கிறது, யார் கொடுத்தது, எதற்குப் பயன்பட்டது என்று மூன்று வரி எழுதுங்கள். பொருளைக் கொண்டுவர வேண்டாம், தரவும் வேண்டாம். அது உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். தமிழில் எழுத வராத உம்மாமார்கள் அரபுத்தமிழில் எழுதுங்கள். அதை வாசிக்கத் தெரிந்த இரண்டு மாணவிகள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

கேள்விகளுக்கு அரைமணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். முதல் கேள்வி திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரட்டும். மைக்கை யாராவது அங்கே கொடுங்கள்.